பெருங்காயத்தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டதற்குப் பதிலும் இல்லை, பில்லும் இல்லை

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மஞ்சள் மூடி ஒரு கிலோ பெருங்காயத்தூள் டப்பா பற்றித்தான் எழுதுகிறேன். போனிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நான் வீட்டில் பருப்புப்பொடி, இட்லிப்பொடி அரைத்து விற்கிறேன். ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி முறைப்படி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவும் வைத்திருக்கிறேன். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்காகப் பொடி வாங்கும் ஒரு அம்மா, பெருங்காயத்தில் மாவு கலந்திருக்கிறதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம்தானே. சேர்த்திருந்தால் அதை என் லேபிளிலும் நான் போட்டாக வேண்டும், கால் ஸ்பூன் போட்டாலும் சரி. உங்கள் டப்பாவில் சேர்மானப் பட்டியலே இல்லை. என்ன கலக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

உங்கள் ஆள் சொன்ன பதில்: "வீட்டுல பொடி இடிச்சு விக்கிறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? வேணும்னா வாங்கு, இல்லாட்டி விடு." வாங்கு, விடு! என் மகன் வயதுகூட இருக்காது அந்தக் குரலுக்கு.

சரி, நேரில் கேட்போம் என்று வெயிலில் பஸ் மாறி குடோனுக்கு வந்தால், மேனேஜர் லீவு என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பில்லும் துண்டுச்சீட்டுதான், தொகை மட்டும் எழுதி. 2022 ஜனவரியிலிருந்து பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் கட்டாயம். நாளை அதிகாரிகள் என் பொடியில் மாதிரி எடுத்தால், சரக்கை யாரிடம் வாங்கினேன் என்று எதைக் காட்டுவேன்? லேபிள் தவறென்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். என் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். தீபாவளி ஆர்டர் மொத்தத்தையும் உங்களால் நிறுத்திவிட்டேன். பல வருஷம் சேர்த்த பெயர் போச்சு.

தயவுசெய்து ஒரு வாரத்துக்குள் சேர்மானப் பட்டியல், முறையான பில், எழுத்துமூல உத்தரவாதம் மூன்றையும் அனுப்புங்கள். முடியாதென்றால் டப்பாக்களை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் டப்பாவோடு உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் போவேன்.

அப்புறம், வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் உங்கள் ஆள் மிரட்டினார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்து அதற்கென்று வாங்குகிறவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அவரிடம் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்