நாய்க்கும் வேண்டும் அளவறிந்த மூலிகை மருத்துவம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூருக்கு அருகே ஒரு கிராமத்தில் இரண்டு பசுக்களும் ஒரு நாட்டு நாயும் வளர்த்து வருகிறேன். நாய்க்கு நோய் வந்தால் கைவைத்தியம் பார்ப்பதா, ஊசி மருந்துக்குப் போவதா என்ற பேச்சு எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தின் வாசலில் தினமும் நடக்கிறது. இரண்டும் சேர்ந்தே உதவ முடியும் என்று நம்புகிறவன் நான். ஆனால் ஒன்றுக்குத் தெரியாமல் மற்றொன்றைச் செய்தால் என்ன ஆகும் என்பதைச் சென்ற ஆடி மாதம் என் வீட்டிலேயே கண்டேன். அதை உங்கள் வாசகர்களிடமும், கால்நடை மருத்துவத்தில் பொறுப்பிலுள்ளவர்களிடமும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பசுவுக்கு மடிநோய் கண்டு, ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்துப் பூசச் சொன்னார். செக்கச் சிவந்த அந்த விழுதை நீர்விட்டுக் கரைத்து, மடியைக் கழுவிக் கழுவி, ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை ஐந்து நாட்கள் பூசினோம், வீக்கம் வடிந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் மரபுசார் மூலிகை மருத்துவம் என்ற பெயரில் ஆராயப்பட்டு, தேசிய பால்வள வாரியத்தாலும் பரப்பப்பட்டு வரும் முறை அது. பொருள் என்ன, எத்தனை கிராம், எத்தனை முறை, எத்தனை நாள் என்று எல்லாமே அதில் வரையறுக்கப்பட்டிருந்தது என்பதை அன்று நான் பெரிதாக எண்ணவில்லை. மூலிகை கேட்கும் என்ற நம்பிக்கை மட்டும் மனத்தில் தங்கிவிட்டது.

அந்த நம்பிக்கையோடுதான் நாய் விஷயத்தில் தவறினேன். ஆடி மாதத்தில் நாய் தீனி எடுக்காமல் மாட்டுக் கொட்டகையின் மூலையில் சுருண்டு படுத்தது. காதுமடலுக்குள்ளும் கால் விரல்களுக்கு இடையிலும் உண்ணிகள் ஆமணக்கு விதைபோல் உப்பியிருந்தன. உடம்பு அனலாய்க் கொதித்தது. மாட்டுக்குக் கொடுக்கும் உருண்டையை நினைவில் வைத்து, பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள், வெல்லம் எல்லாம் அரைத்து, நாளொன்றுக்கு ஒரு முழுப் பூண்டு என்ற கணக்கில் நான்கு நாட்கள் ஊட்டினேன். மனிதருக்கு டெங்கு வந்தால் கொடுக்கிறார்களே என்று பப்பாளி இலைச் சாறும் புகட்டினோம். ஐந்தாம் நாள் மூக்கில் ரத்தம் கசிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாய் இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்திருந்தது.

மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்றும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றும் சொல்லி, டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை 28 நாட்கள் விடாமல் கொடுக்க வேண்டும் என்றார். "வேறு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று அவர் கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன், வேறோர் இடத்தில் வேறொரு மருத்துவர், நாய்க்கு வேப்பெண்ணெய் தடவியதற்காகப் பலர் முன்னிலையில் என்னைக் கடிந்துகொண்டிருந்தார். அந்தக் கூச்சம் என் வாயைக் கட்டிவிட்டது.

மூன்று நாள் கழித்துத் தட்டணுக்கள் ஏறத் தொடங்கியும் ஈறு மேலும் வெளுத்தது. சிவப்பணுக்களை உடைக்கும் பபீசியா என்ற இன்னோர் உண்ணி நோயும் சேர்ந்திருக்குமோ என்று சந்தேகித்து, அதற்கான ஊசியைப் போடலாமா என்று மருத்துவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவிதான் பொறுக்கமாட்டாமல் பூண்டு கொடுத்ததைச் சொன்னாள். அவர் ரத்தத் துளியை மீண்டும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு விளக்கினார். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. அந்தச் சிதைவு உடனே தெரியாமல் சில நாள் கழித்தே வெளிப்படும். நோயால் ஏற்கெனவே ரத்தம் குன்றியிருந்த நாய்க்கு அதையும் நாங்களே ஊட்டியிருக்கிறோம். ஏறக்குறைய 350 கிலோ எடையுள்ள, அசைபோடும் மாட்டுக்குச் சொன்ன பண்டத்தை 16 கிலோ நாய்க்குக் கொடுக்கிறோமே என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. மடிநோய்க்கான விழுதையும் இப்படித்தான் சிலர் நாயின் புண்ணில் பூசுகிறார்கள். நாயோ புண்ணை நக்காமல் விடாது. சுண்ணாம்பு அதன் நாக்கைப் பொத்துப்போகச் செய்யும், கற்றாழையின் மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கிப் பேதியாக்கும்.

அந்த மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. பூண்டையும் பப்பாளிச் சாற்றையும் நிறுத்தச் சொன்னார். அதே சமயம், வீட்டில் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் மாத்திரை வேண்டாம், சோற்றோடு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வையுங்கள். மசாலா, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். கொட்டகைச் சுவரின் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள் என்று அதில் இருந்தது. கடைசியாகச் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. உண்ணி நாயின் உடம்பில் மட்டும் வாழ்வதில்லை. ரத்தம் குடித்துக் கீழே விழுந்த பெண் உண்ணி சுவரிடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது வெடிப்புக்குள் குஞ்சுகள் மிளகுத்தூளைத் தூவியதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. உண்ணியைக் கொல்லும் மாத்திரையும் சுவர்ப் பூச்சும் சேர்ந்துதான் அந்தத் தொல்லையைத் தீர்த்தன. நாய் பிழைத்தது, இப்போது வாசலில்தான் படுத்திருக்கிறது.

இதனால் கைவைத்தியமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வயதான நாயின் மூட்டுவலிக்கு எடையைக் குறைப்பதும், வழுக்கும் தரையில் கோணிச் சாக்கு விரிப்பதும், காலையில் மெதுவாக நடத்திச் செல்வதும், மருத்துவர் சொல்லும் அளவில் மீனெண்ணெய் கொடுப்பதும் வலி மாத்திரைக்குப் பக்கபலமாக நிற்கின்றன. வலி தாங்காமல் நாம் விழுங்கும் பாராசிட்டமாலையோ ஐபுபுரூஃபனையோ நாய்க்குக் கொடுப்பதுதான் கொடுமை. ஐபுபுரூஃபன் குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். சொறி பிடித்த நாய்க்கு அதன் காரணமான சிற்றுண்ணியைக் கொல்லும் மருந்து முதலில் வேண்டும். அதன்பின் வறண்டு செதில் உதிரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் இதமளிக்கும். அதை விடுத்து, வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பூசும் வழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. நாய் அதை நக்கி உள்ளே கொண்டுபோகும் என்பதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு.

நாயின் கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது இன்னொரு வழக்கம். மனிதருக்குப் பழகிய மருந்து என்ற தைரியம்தான் அதற்குக் காரணம். ஆனால் நாய்க்கு வரும் காமாலைக்குப் பின்னால் எலிக்காய்ச்சல் இருக்கலாம். அதன் கிருமி நாயின் சிறுநீர் வழியாக வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றக்கூடியது. அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி உடனே தேவை. கீழாநெல்லியில் கழியும் ஒவ்வொரு நாளும் நாய்க்கும் வீட்டாருக்கும் சேர்த்தே ஆபத்து. குட்டிகளின் ரத்தக் கழிச்சலும் இப்படித்தான். பார்வோ கிருமி தாக்கிய குட்டி நீரிழந்தே சாகும். நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் நீருக்கு எந்தக் கஷாயமும் ஈடாகாது. வெறிநோய்க்கோ, அறிகுறி தெரிந்தபின் எந்த முறையிலும் மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே வழி.

மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாயைக் கொண்டுவருகிறவர் முன்பே ஏதாவது கொடுத்திருப்பார் என்று எடுத்துக்கொண்டு கேளுங்கள். "ஏதாவது கொடுத்தீர்களா?" என்றால் என்னைப் போன்றவர் இல்லை என்றுதான் சொல்வார். "வீட்டில் என்னென்ன கொடுத்துப் பார்த்தீர்கள், எவ்வளவு, எத்தனை நாள்?" என்று இயல்பாகக் கேட்டால் உண்மை வந்துவிடும். வளர்ப்போரும் மாத்திரைச் சீட்டை எடுத்துப்போவதுபோல், புகட்டியது, பூசியது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. மாடுகளுக்கு மடிநோய், கோமாரி என்று நோய்வாரியாக, கிராம் கணக்கோடு மூலிகை முறைகளை வகுத்துக் கொடுத்த அறிவு நாய்களின் பக்கமும் திரும்ப வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று சொந்த இனங்களுக்குப் பெயர்போன மாநிலம் இது. உண்ணி, சொறி, கழிச்சல், மூட்டுவலி ஆகிய நான்குக்காவது, எந்த மூலிகை உதவும், எது உதவாது, எது நஞ்சு, எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக் கூடாது, எந்த அறிகுறி கண்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை நாயின் எடைக்கேற்ற அளவோடு ஆராய்ந்து ஒரு தாளில் அச்சிட்டு, எல்லாக் கால்நடை மருந்தகச் சுவரிலும் ஒட்டச் செய்ய வேண்டும். அதன் முதல் வரியிலேயே பூண்டும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் ஒரு வாசகன்,
தஞ்சாவூர் மாவட்டம்.