ஏற்காடு கோடை விழாவில் ஒரு வசனப் படம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காடு கோடை விழா என்றால் மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, கலை நிகழ்ச்சிகள். அவற்றோடு ஒரு மாலையைப் பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படம் ஒன்றுக்கும் ஒதுக்க வேண்டும், அதைத் தமிழ் வசன வரிகளோடு காட்ட வேண்டும் என்று விழாக் குழுவினரை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கறுப்பு வெள்ளையில் ஆங்கிலப் பேச்சை இங்கே யார் பார்ப்பார்கள் என்று தோன்றலாம். வசனத்துக்காகவே படம் பார்த்த ஊர் சேலம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அந்த நிறுவனம் 1950இல் வெளியிட்ட 'மந்திரி குமாரி'க்கு வசனம் மு.கருணாநிதி. டி.ஆர்.சுந்தரத்தோடு சேர்ந்து அதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கனோ தமிழ் அறியாத அமெரிக்கர்.

1934ஆம் ஆண்டின் நடுவில் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகின. காதலர் நெருக்கத்தைத் திரையில் காட்டும் வழி அடைபட்டதும், முழுச் சுமையும் பேச்சின் மேல் விழுந்தது. சீண்டுவதும் மடக்குவதும் விட்டுக்கொடுக்காமல் நிற்பதுமே காதலின் அடையாளம் ஆயின. நமக்கு இது புதிதல்ல. திருக்குறளின் கடைசி அதிகாரத்துக்கே ஊடலுவகை என்றுதான் பெயர். இந்தப் படங்களின் நாயகியும் வாயடைத்து நிற்பவள் அல்லள். நாயகன் ஒன்று சொன்னால் அவளிடமிருந்து இரண்டு வரும்.

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) 92 நிமிடப் படம். அதற்கு மூலமான, 1928இல் வந்த மேடை நாடகத்தில் நிருபர் ஓர் ஆண். ஹாக்ஸ் அந்தப் பாத்திரத்தைப் பெண்ணாக்கி, பத்திரிகை ஆசிரியரின் முன்னாள் மனைவியும் ஆக்கினார். அத்தனை சண்டையும் காதலாக மாறியது அந்த ஒரு மாற்றத்தால்தான். ஒருவர் முடிக்கும் முன்பே மற்றவர் பேசத் தொடங்குவார். அப்படியும் பொருள் கெடாததற்குக் காரணம், வாக்கியத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாத சொற்களை வேண்டுமென்றே சேர்த்து எழுதியதுதான். தமிழில் வரி போடுபவர் அந்த ஓரச் சொற்களைத் தயங்காமல் விட்டுவிடலாம். மூவர் ஒன்றாகப் பேசும் இடத்தில், காட்சி யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சு மட்டும் போதும்.

தமிழ் வரிகளில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. ஆங்கிலத்தில் குறும்பு வாக்கியத்தின் வாலில் இருக்கும். நம் இலக்கணப்படி திருப்பினால் அது தலைக்கு வந்துவிடும். "நீ ஊரில் இல்லாதபோது உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று எழுதினால் முதல் பாதியிலேயே சிரிப்பு செத்துவிடுகிறது. "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், நீ ஊரில் இல்லாதபோது" என்று நாம் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுத வேண்டும். அதையும் இரண்டாக உடைத்து, நடிகர் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதுதான் இரண்டாம் பாதி திரைக்கு வர வேண்டும். முன்பே வந்தால் அரங்கம் முன்பே சிரிக்கும்; அந்தச் சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கிப்போகும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரிக்கு நாலைந்து சொல், ஒரு நேரத்தில் இரண்டு வரி, அதற்கு மேல் கண் ஏறாது.

அடுத்தது நீ, நீங்கள். ஆங்கிலத்தில் இந்தப் பேதம் இல்லை, நாம் முடிவு செய்தாக வேண்டும். எர்ன்ஸ்ட் லூபிட்ஷின் 'த ஷாப் அரவுண்ட் த கார்னர்' (1940) படத்தில், புடாபெஸ்ட் நகரக் கடை ஒன்றில் வேலை செய்யும் இருவர் நேரில் எலியும் பூனையுமாக இருக்கிறார்கள். ஆளறியாமல் எழுதும் கடிதங்களிலோ ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள். கடையில் வெறுப்போடு வரும் 'நீங்கள்', கடிதத்தில் கனிவோடு வர வேண்டும். கடிதத்தில் 'நீ' போட்டால் அந்த நயம் முழுவதும் போய்விடும். விளிப்பும் இரு பக்கமும் 'அன்பு நண்பரே' என்றே இருக்கட்டும்.

முதல் ஆண்டுக்கு இந்தப் படமே பொருத்தம் என்பது என் கருத்து. பேச்சு நிதானமானது, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். அமெரிக்காவில் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால், ஒலி மங்கிய பிரதிகள் ஏராளமாக உலவுகின்றன. ஓட்டிக் கேட்காமல் எந்தப் பிரதியையும் வாங்கக் கூடாது.

திறந்தவெளி வேண்டாம். மே மாத மாலையில் மலை மேல் மழையோ பனிமூட்டமோ எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மண்டபம் போதும், ஆனால் எதிரொலியை அடக்க வேண்டும். பின்சுவரில் பவானி ஜமக்காளங்களைத் தொங்கவிட்டால் நல்ல பலன் கிடைக்கும். திரைக்கு இருபுறமும் ஒவ்வொரு ஒலிபெருக்கி வைத்து, அடித்தொனியைக் குறைக்க வேண்டும். பின்னாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டினால் கெட்டது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குத் திரைப்பக்க ஒலி பத்தில் ஒரு நொடி பிந்தி வரும், ஒரே சொல் இருமுறை கேட்கும். பாட்டு, சண்டைப் படத்தில் இது தெரியாமல் போகலாம். இங்கே படமே பேச்சுதான்.

இந்தப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரம், 1.37க்கு 1. அகலத் திரையை நிரப்ப இழுத்தால் முகங்கள் உப்பிப்போகும். பெரிதாக்கினால் தலை வெட்டுப்படும். இரு ஓரமும் கறுப்பாகவே இருக்கட்டும்.

'த ஷாப் அரவுண்ட் த கார்னர்' 99 நிமிடப் படம். மாலை 6.30க்குத் தொடங்கினால் 8.10க்குள் முடிந்துவிடும். சேலத்திலிருந்து வருபவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்க வேண்டும். படம் முடிந்ததும் புறப்பட ஒரு தனிப் பேருந்துக்கும் விழாக் குழுவினர் ஏற்பாடு செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.