நாகலூர் எல்லைக்கல்லை மறுபடி அளக்கக் கோரும் மூன்றாவது மனு

அனுப்புநர்: ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை, நாகலூர், ஏற்காடு

பெறுநர்: நில அளவைக்குப் பொறுப்பான அலுவலர் அவர்கள்

பொருள்: இருட்டிய பிறகு செயற்கைக்கோள் கருவியால் அளந்து நட்ட எல்லைக்கல்லை மறு அளவை செய்து தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

முதல் மனுவுக்கு ரசீதாவது கிடைத்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. தாங்கள் எங்கள் பக்கம் வந்து போனவர். நாகலூர்ப் பாதையிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மண்தடமும் சரிவின் அடியில் உள்ள ஊற்றும் தங்களுக்குத் தெரியும். அதனால் இடத்தை விளக்கவில்லை.

1. சென்ற மார்ச் கடைசி வாரம் உட்பிரிவுக்காக நில அளவையர்கள் ரோவர் கருவியோடு, அதாவது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைக் கணிக்கும் கருவியோடு வந்தார்கள். காலையில் மேல்பக்கத்து மூன்று கல்லையும் அளந்தபோது விரற்கடை வித்தியாசம்கூட இல்லை. மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஊற்றுப் பக்கத்து நான்காவது கல்லுக்கு வரும்போது இரவு ஏழரை மணி. டார்ச் பிடித்தது நான்தான். திரையில் 'ஃபிக்ஸ்' (இடம் துல்லியமாக உறுதியாகிவிட்டது) வரவே இல்லை, 'ஃப்ளோட்' (இன்னும் உறுதியாகவில்லை) என்றே நின்றது. 20க்கு மேல் இருந்த சேட்டிலைட் எண்ணிக்கை என் கண்ணெதிரே 9, 8 என்று இறங்கியது. "டீச்சர், சிக்னல் ஆடுது" என்ற அளவைத் தம்பி, நேரமாகிவிட்டதென்று அதையே பதிவு செய்துகொண்டார். மறுநாள் அந்தப் புள்ளியில் புதுக்கல் நட்டார்கள். பாசி பிடித்த பழைய கல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. புதுக்கல் அதிலிருந்து 1.4 மீட்டர் எங்கள் பக்கம் உள்ளே நிற்கிறது. டேப் வைத்து அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2. மரநிழலால் வந்த பிழை என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். சில்வர் ஓக் நிழலில் இருப்பவை மற்ற மூன்று கல். அங்கே சரியாகத்தானே வந்தது? நான்காவது கல் வெட்டவெளியில் இருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சிக்னல் மேல்வானில் மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தைத் தாண்டி வரும்போது அங்குள்ள எலக்ட்ரான்களால் தாமதமாகிறது. இந்தத் தாமதம் அலைவரிசைக்கு ஏற்ப மாறுவதால், இரண்டு அலைவரிசைகளை ஒப்பிட்டு அதைப் பெரும்பாலும் கழித்துவிடலாம். ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனைப் பக்கமாகப் போகிறது. திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததும், 1963இல் அங்கிருந்து முதல் ராக்கெட் போனதும் அதனால்தான். அந்தக் கோட்டை ஒட்டிய வானில் பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் அடியிலிருந்து எலக்ட்ரான் குறைந்த பகுதிகள் குமிழிகளாக மேலெழும். அவற்றின் ஊடே வரும் சிக்னல் மினுமினுக்கும். கருவி அலைகளை எண்ணுவதில் தவறிவிடும். இதை எந்தக் கழித்தலும் சரிசெய்யாது. மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம். சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. அந்தக் கட்டத்தில் இன்னும் மோசம். விமானங்களுக்காக ஜி.பி.எஸ். பிழையைத் திருத்தித் தரும் 'ககன்' அமைப்பை இஸ்ரோ அமைத்தபோது நம் பகுதி அயனி மண்டலத்துக்கென்றே தனிக் கணக்குமுறை தேவைப்பட்டது. விமானத்துக்குப் பார்த்ததை எங்கள் காணிக்குப் பார்க்கக் கூடாதா?

3. அந்த 1.4 மீட்டருக்குள்தான் ஐயா ஊற்று இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்தாரைக் குறை சொல்ல மாட்டேன். அரசாங்கம் நட்ட கல்லை ஒட்டிக் கம்பிவேலி போட்டார், அவ்வளவுதான். ஊற்று வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எங்கள் ஹோஸ் பைப் வேலியோரம் சுருண்டு கிடக்கிறது. போன கோடையில் மேல் ரோட்டுக் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தோம். மூட்டு வலியோடு என் கணவர் காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம். குடிக்க, சமைக்கவே அது போதவில்லை. பையில் போட்டிருந்த மிளகு நாற்று முழுவதும் கருகியது. மாட்டை விற்றுவிட்டோம். தண்ணீர் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, கை வைக்க முடியாது. இதை எத்தனை முறைதான் எழுதுவது?

4. வேண்டுவது பெரிதல்ல. காலை நேரத்தில் வாருங்கள். மாலையில் தயவுசெய்து வேண்டாம். ஃபிக்ஸ் வந்த அளவை மட்டும் எடுங்கள். வேறொரு நாளில், வேறொரு நேரத்தில் அதே புள்ளியை இன்னொரு முறை எடுத்து இரண்டும் ஒத்துப்போகிறதா பாருங்கள். மேல்பக்கத்து மூன்று கல்லிலிருந்து டோட்டல் ஸ்டேஷன் (தரையிலிருந்தே கோணமும் தூரமும் அளக்கும் கருவி) வைத்துச் சரிபார்க்கலாம், அதற்கு வானமே தேவையில்லை. அன்று மாலை ரோவரிலும், அதற்குத் திருத்தம் அனுப்பும் நிலையான கருவியான பேஸ் ஸ்டேஷனிலும் பதிவான மூலத் தரவு இருந்தால் எடுத்துப் பாருங்கள், சிக்னல் அறுந்த இடங்கள் அதிலேயே தெரியும். ஃப்ளோட்டில் எடுத்த புள்ளிக்குக் கல் நடக்கூடாது என்று ஓர் உத்தரவும் போடுங்கள். இந்த மலையில் இன்னும் எத்தனை கல் இப்படி ராத்திரியில் இடம் மாறியதோ!

5. இப்போது தை மாதம். மார்ச்சுக்கு முன்னால் வந்து அளந்துவிடுங்கள் ஐயா. இன்னொரு கோடைக்கு என் கணவரால் குடம் தூக்க முடியாது.

6. அளந்து கொடுங்கள். அளந்த பிறகு கல் இப்போது இருக்கும் இடம்தான் சரி என்று வந்தால் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
மனுதாரர்

இணைப்பு: புலப்பட நகல், பழைய கல்லும் புதுக்கல்லும் ஒன்றாகத் தெரியும் புகைப்படம், முதல் மனுவின் ரசீது நகல்