19-ஆவது மாடியிலிருந்து என்னை இறக்கிவிட்டவர்களுக்கு

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நான் படித்த வருடம் குடியிருந்த மாணவர் விடுதிக் கோபுரத்தில், பிப்ரவரி மாதம் ஒரு நள்ளிரவு என்னைப் பத்திரமாகத் தரையில் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு இந்த மடல். உங்களில் ஒருவருக்குத்தான் தமிழ் தெரியும். மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிவிட்டேன். ஆனால் திருச்சியில் என் அம்மாவும் எங்கள் தெருவும் உங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத் தமிழிலும் எழுதுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். நகர மையத்துக்கு வடக்கே அரீனா என்ற பெரிய நிகழ்ச்சி அரங்கைச் சுற்றி மாணவர் கோபுரங்கள் பனந்தோப்பு மாதிரி நெருங்கி நிற்கும். 2009-இல் கட்டிய ஸ்கை பிளாசாவே நூறு மீட்டருக்கு மேல் உயரம். என் ஜன்னலில் நின்றால் பிராட்காஸ்டிங் டவரின் துருநிறச் சுவர் தெரியும்; அந்த இரும்புக்குத் துருவேதான் காப்பு. ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காது. ஆறு அறைக்கு ஒரு சமையலறை. கதவுகள் தானாகவே மூடிக்கொள்ளும். ஐந்து மாதம் அங்கே இருந்தும் எதிர் அறையில் யார் என்று எனக்குத் தெரியாது.

ஜனவரிப் பனியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டும் ஊன்றுகோலுமாகத் திரும்பி வந்த அன்றே ரிசப்ஷனில் இருந்த அம்மா என்னை உட்கார வைத்து ஒரு படிவத்தை எடுத்தார். தீ மணி அடித்தால் லிஃப்ட் கிடையாது, நீ எப்படி இறங்குவாய் என்று கேட்டார். இரண்டு நாளில் பழகிவிடும் அம்மா என்றேன். அவர் விடவில்லை. லண்டன் கிரென்ஃபெல் குடியிருப்புக் கோபுரத்தில் 2017-இல் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள், அதில் 15 பேர் மாற்றுத்திறனாளிகள் என்றார். 2019-இல் போல்டனில் ஒரு மாணவர் விடுதியே தீப்பற்றி எரிந்ததையும் சொன்னார். அங்கே எல்லோரும் தப்பித்தார்கள். அப்புறம் என் மாடியில் கதவு கதவாகத் தட்டி, இரவில் எனக்குத் துணையாக இரண்டு பேரைக் கேட்டு வாங்கினார். அம்மா, அந்தப் படிவத்துக்கு நான் உங்கள்மேல் சலித்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத்தான் முதல் நன்றி.

மூன்றே வாரம். விடிகாலை இரண்டே முக்காலுக்கு மணி அடித்தது. நான் ஊன்றுகோலைத் தேடி முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. எதிர் அறை நைஜீரிய அண்ணன், பக்கத்து அறைச் சீனத் தோழி, இருவரும் அங்கே நின்றார்கள். படிக்கட்டுத் தளத்தில் மஞ்சள் உறை போட்டு மாட்டியிருந்த நாற்காலியை அண்ணன் எடுத்து விரித்தார். அதன் அடியில் ரப்பர்ப் பட்டை இருக்கிறது. படியின் விளிம்பைப் பிடித்துப் பிடித்து இறங்கும். உட்கார்ந்திருப்பவரின் எடையே அதை ஓடவிடாமல் நிறுத்தும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது கீழே இறங்கிக்கொண்டே போகும் படிகள் மட்டும்தான். மாடிக்கு 18 படி, மொத்தம் 342. உச்சிப்பிள்ளையார் கோயில் படியில் ஓடி வளர்ந்தவள் நான். அன்று ஒரு படிகூட என் காலால் இறங்க முடியவில்லை.

அண்ணன் பின்னால் பிடித்துக்கொள்ள, தோழி எனக்கு முன்னால் பின்னோக்கி இறங்கினாள். மாவுக்கட்டு சுவரில் இடிக்காமல் அதன் கீழே தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள். திருப்பத்துக்குத் திருப்பம் அந்தக் கை சுவரில் உரசியது. கீழே வந்து பார்த்தால் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

20-ஆவது மாடி யாழ்ப்பாணத்து அக்கா, நீங்கள் எங்களைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. என் முகத்தைப் பார்த்து, "தமிழோ? பயப்படாதேங்கோ பிள்ளை, நான் பக்கத்திலதான் வாறன்" என்று சொல்லி, கடைசிவரை என் தோளில் கை வைத்து வந்தீர்கள். 11-ஆவது மாடியில் கருகிய எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. அப்போது உங்கள் கை தோளை இறுக்கியது. வேற்று ஊர்ப் படிக்கட்டில் அந்த நேரத்தில் தமிழ் காதில் விழுந்தது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை, அக்கா. படிக்கட்டில் எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்கும் நன்றி. எதிரே மூச்சிரைக்க ஏறி வந்து, நாங்கள் இறங்கும் செய்தியை ரேடியோவில் கீழே சொன்ன இரவுக் காவலருக்கும் நன்றி.

யாரோ அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை மறந்திருக்கிறார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து மாடி மாடியாகப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே இருக்கும்போது அது யாருக்குத் தெரியும்?

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நடைபாதையில் நான் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் தன் கழுத்திலிருந்த சாம்பல் நிறக் கம்பளித் துணியை எடுத்து எனக்குச் சுற்றிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். அதன் பிறகு லிஃப்டிலும் சலவை அறையிலும் அவரைத் தேடிக்கொண்டே இருந்தேன். 51 வார ஒப்பந்தம் முடிந்து எல்லோரும் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டோம். அந்தத் துணி இப்போது என் பீரோவில் துவைத்து மடித்து இருக்கிறது. ஒரு முனையில் பச்சை நூலால் தைத்த இடம் உண்டு. அக்கா, இதை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும்போது அவரைப் பற்றியும் கேளுங்கள். எந்த ஊரில் இருந்தாலும் நான் அனுப்பி வைக்கிறேன்.