ஓரத்தில் எழுதிய பெயர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முட்டி வலிதான் விட்டபாடில்லை.

நீ கொடுத்த ஓவியப் புத்தகத்தை விடாமல் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவாவின் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ நமக்குக் கல்லூரி நாளிலிருந்தே பழக்கம். ஹூக்கா குழாயைப் பிடித்து, தலையில் பூ வைத்து உட்கார்ந்திருப்பாளே, அந்தப் படம்தான். இப்போது என்னைப் பிடித்து வைத்திருப்பது, அதற்காக அவர் முன்னால் போட்டுக்கொண்ட வரைவுகள்.

1832 ஜனவரியில் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு மொராக்கோ போனவர், ஜூன் கடைசியில் திரும்பும் வழியில் அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில் மூன்று நாள்தான் தங்கினார். பிரெஞ்சுப் படை அந்த ஊரைப் பிடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அங்கே ஒரு வீட்டின் பெண்கள் பகுதிக்குள் அவரை விட்டார்கள் என்பார்கள். அந்நிய ஆணுக்கு அது லேசில் கிடைக்கிற காரியமா?

அங்கே வரைந்த அந்தத் தாள்கள் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பென்சில் கோட்டின் மேல் நீர்வண்ணம். மெத்தையில் உட்கார்ந்த பெண். பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே பெயர்: மூனி பென்சுல்தான். இன்னொருத்தி சோரா. உடையின் நிறங்களையும் மறந்துவிடக் கூடாதென்று குறித்து வைத்திருக்கிறார். நிறத்தைக் குறிப்பது எந்த ஓவியனும் செய்வதுதான். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள, எதிரில் இருப்பவளை ஒரு மனுஷியாகப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே அவர்மேல் எனக்குப் பிரியம்.

பாரிஸ் திரும்பி, கொண்டுவந்த துணிமணிகளையும் வைத்துக்கொண்டு பெரிய படத்தை முடித்தார். 180க்கு 229 சென்டிமீட்டர். 1834 சலோன் கண்காட்சியில் வைத்தார். அரசர் லூயி பிலிப் வாங்கிக்கொண்டார். நிழலும் நிறமும் அப்படி ஓர் அழகு, அதை மறுக்கவே முடியாது. ஆனால் மூனியும் சோராவும் அதற்குள் வெறும் ‘அல்ஜியர்ஸ் பெண்கள்’ ஆகிவிட்டார்கள். ஊர் இருக்கிறது, ஆளைக் காணோம். எனக்கு அது உறுத்துகிறது.

பிக்காசோ 1954-55இல் இதே படத்தை 15 கேன்வாஸ்களில் திரும்பத் திரும்ப வரைந்தார். அவற்றுக்கு ‘ஏ’ முதல் ‘ஓ’ வரை எழுத்து கொடுத்திருக்கிறார்கள், பார்.

எனக்கு முடிந்த படத்தைவிட அந்த வரைவுதான் உசத்தி. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். கண் நன்றாகத் தெளிந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள்.

உன் பிரியமுள்ள தோழி