மிலோவுக்கு வீடு பார்த்த கதை

அன்புள்ள மகளுக்கு,

யாழ்ப்பாணம் வரும்போது நாய்க்குட்டி மிலோவோடு எந்த வீட்டில் தங்கலாம் என்று போனில் நீ கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் அம்மா நின்றார். சொந்த வீடு இருக்க, ஊருக்கு வந்து வாடகை வீட்டில் தங்குவதா என்று அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அதோடு, போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று வைத்துவிடுவாய். எழுதி அனுப்பினால் மருமகனும் வாசிப்பார்.

முதலில் எங்கள் வீட்டு விஷயம். அம்மாவுக்கு நாய் என்றால் முற்றத்தோடு சரி. சந்திக்குச் சந்தி வைரவர் கோவில் கட்டி, நாய் அவருடைய வாகனம் என்று கும்பிடுகிற ஊர்தான் இது; ஆனால் வாகனம் விறாந்தைப் படி ஏறக்கூடாது. மிலோவை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அதுவல்ல. மாசி மாதம் எங்கள் பின்வளவில் ஒரு கட்டாக்காலி நாய் குட்டி போட்டது. கொஞ்ச நாளில் குட்டிகள் ஒவ்வொன்றாகச் சத்தியெடுத்து, இரத்தமாகக் கழிந்து செத்துப்போயின. பார்வோ வைரஸ். கால்நடைத் திணைக்களத்தில் வேலை பார்த்து இளைப்பாறியவனுக்கு அந்த மணத்தை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நாய் செத்தாலும் அந்தக் கிருமி சாகாது. நிழலான மண்ணில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். சவர்க்காரத்துக்கும் டெற்றோலுக்கும் மசியாது. சீமெந்துத் தரையென்றால் குளோரின் கரைத்து ஊற்றிக் கழுவலாம். மாமரத்தடி மண்ணை எப்படிக் கழுவுவது?

"இரண்டு ஊசி போட்டாச்சுத்தானே அப்பா" என்கிறாய். குட்டிக்குத் தாயிடமிருந்து, முக்கியமாக முதல் சுரக்கும் கடும்புப் பாலில், எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது உடம்பில் நிற்கும் வரைக்கும் ஊசி மருந்து சரியாகப் பிடிக்காது. எந்தக் குட்டிக்கு எப்போது அது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு, எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, 16 கிழமை ஆகும் வரை திரும்பத் திரும்பப் போடுவது. தாய் தந்த காவல் இறங்கி, ஊசி தரும் காவல் இன்னும் ஏறாத இடைவெளி ஒன்று உண்டு. மிலோ இப்போது நிற்பது அந்த இடைவெளியில்தான். என்னைக் கேட்டால், கடைசி ஊசி போட்டு இரண்டு கிழமை கழித்து வாருங்கள் என்பேன். மருமகனுக்கு லீவு இப்போதுதான் கிடைக்கும் என்றால் சரி, வாருங்கள். ஆனால் இந்த முறை வீடு குட்டிக்காகத்தான். உங்கள் வசதி இரண்டாவது.

நீ அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு சைக்கிளில் போய் வீடுகளைப் பார்த்தேன். சோளகம் முகத்தில் புழுதியை அள்ளி வீசுகிறது. நல்லூரில் நீ ஆசைப்பட்ட மேல்மாடி வீடு வடிவுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல்கனிக் கம்பிகளுக்கு நடுவே என் கை முட்டி தாராளமாகப் போகிறது; குட்டியின் தலையும் போகும். மூன்றரை மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம் மூத்திரத்தை அடக்குவதே பெரிய காரியம். நித்திரையால் எழும்பினால் ஒருதரம், சாப்பிட்டால் ஒருதரம், விளையாடி ஓய்ந்தால் ஒருதரம். ஒவ்வொரு முறையும் அந்தப் படியால் தூக்கிக்கொண்டு ஓடுவது யார்? நீ வாசலுக்கு வரமுதல் அது விட்டுவிடும். தரை முழுக்கப் பளபளக்கும் வெள்ளை மாபிள். வளர்கிற குட்டி அதில் நாள் முழுக்க வழுக்கி விழுந்தால் இடுப்பு மூட்டுக்குக் கூடாது. அதோடு இது நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாக் காலம். கொடியேறி 25 நாளும் கோவிலைச் சுற்றிய வீதிகளுக்குள் வாகனம் விடமாட்டார்கள். இரவில் குட்டிக்கு ஏதும் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு தடுப்பு வரைக்கும் நடக்கவேண்டும். வீட்டுக்காரர் இன்னொன்றும் சொன்னார்: திருவிழா முடியும் வரை வீட்டுக்குள் மச்சம் (மீன், இறைச்சி) கூடாதாம். நாய்க்கு அவிக்கிற கோழியும் மச்சம்தானா என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

காரைநகர் வீடு மருமகனின் தெரிவு என்று தெரியும். கசூரினா கடற்கரை நடந்துபோகிற தூரம், காற்று, சவுக்கு நிழல், எல்லாம் உண்டு. ஆனால் அந்த வளவில் இருக்கிற கிணற்றுக்குக் கட்டு என் முழங்கால் உயரம்கூட இல்லை, மூடியும் இல்லை. அதைப் பார்த்ததோடு நான் திரும்பி வந்திருக்கலாம். இருந்தாலும் கடற்கரைக்கும் போய்ப் பார்த்தேன். வலையில் படுகிற பேத்தை மீனை மீனவர்கள் கரையிலேயே எறிந்துவிடுகிறார்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, மனிதரையே கொல்லும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயதில் இருக்கிற குட்டிக்கு அது காய்ந்து கிடந்தாலும் கருவாடுதான். மத்தியான மணலும் குட்டியின் பாதத்துக்குத் தாங்காது. உன் புறங்கையை மணலில் வைத்துப் பார், உன்னாலேயே வைத்திருக்க முடியாது. கடல் தண்ணீரைக் குடித்தால் சத்தியும் வயிற்றோட்டமும் வரும். ஏதும் நடந்தால் பொன்னாலைப் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வரவேண்டும். கடல் பார்க்க ஆசையென்றால் ஒருநாள் விடிய வெள்ளெனப் போய், மடியில் வைத்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

உரும்பிராய் வீட்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனமில்லை. அருமையான மனிசர், முற்றத்தில் முந்திரிகை (திராட்சை)ப் பந்தல், பழம் குலை குலையாகத் தொங்குகிறது. அதுதான் பிரச்சினையும். முந்திரிகைப் பழம் நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கணக்கும் இல்லை. சில நாய்க்கு ஒன்றும் செய்யாது, சில நாய்க்குக் கொஞ்சமே போதும். உதிர்ந்த பழம் முழுக்க நிலத்தில் கிடக்கிறது. பாயாசத்தில் போடுகிற பிளம்ஸும் அதே பழத்தின் வற்றல்தான், ஞாபகம் வைத்துக்கொள். பின்பக்கக் கொட்டிலில் வெங்காயப் பிடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம், மருந்து அடித்த மணம் மூக்கில் அடிக்கிறது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் நன்றாக விளைகிற இரண்டும் நாய்க்கு ஆகாததாய்ப் போனதை என்னவென்று சொல்வது!

கடைசியில் கொக்குவிலில் ஒரு வீடு. படத்தில் பார்த்தால் நீ தள்ளிவிட்டுப் போயிருப்பாய். பழைய வீடு, சிவப்புச் சீமெந்துத் தரை, கொஞ்சம் சொரசொரப்பு. குட்டியின் காலுக்கு அதுதான் வேண்டும். சுற்றிவர மதில். கிணற்றுக்கு இரும்பு வலை மூடி. முன் முற்றம் சீமெந்து, மழை இல்லாததால் காய்ந்து கிடக்கிறது. கேற்றுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது, அதற்கு நான் பலகை கட்டிவிடுவேன். இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றடித் தண்ணீர் வாழைப்பாத்தியில் தேங்கி நிற்கிறது. 2024 மார்கழியில் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எலிக்காய்ச்சல் பரவி ஆட்கள் இறந்தது உனக்குத் தெரியும்தானே. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருகிற அந்த நோய் நாய்க்கும் வரும். நாயிடமிருந்து ஆட்களுக்கும் தொற்றும். போட்ட ஊசியில் எலிக்காய்ச்சலுக்கான லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று கார்டைப் பார். பாத்தியடிக்குக் குட்டியை விடவேண்டாம். மற்றது, பின்பக்க மூலையில் பழைய ஓடும் விறகும் குவித்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் அப்படியான இடத்தில் புடையன் பாம்பு படுக்கும். அந்தப் பக்கத்துக்குக் கதவே திறக்காதீர்கள்.

வீட்டுக்கார அம்மா இளைப்பாறிய ரீச்சர். நாய்க்குட்டி வருகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மறைத்துக் கொண்டுபோய் இரவில் அது அழுது ஊரைக் கூட்டுவதைவிட இது நல்லது. அவர் கேட்டது நியாயமான கேள்விகள்தான். போன ஒரு வருடத்தில் இந்த வளவில் நாய் நின்றதா, குட்டி ஏதும் செத்ததா என்று நானும் கேட்டேன். இல்லை என்றார். கட்டிலில் ஏற்றக்கூடாது, சாமியறைக்கும் குசினிக்கும் விடக்கூடாது, உடைத்தால் காசு என்று அவர் நிபந்தனை போட்டார். ஒத்துக்கொண்டேன். அவருடைய பேரப்பிள்ளை பின்னேரங்களில் வருவானாம். மிலோவுக்குப் பால் பல் விழுகிற நேரம் தொடங்கப்போகிறது. விளையாட்டுக்குக் கடித்தாலும் பல் ஊசிபோலக் கீறும். கீறினால் எந்தத் தாய் தகப்பனும் முதலில் கேட்பது விசர் நாய்க்கடி ஊசி போட்டதா என்றுதான். அந்தக் கார்ட் கையில் இருக்கவேண்டும்.

பல் பற்றிச் சொல்லும்போது: விறாந்தையில் பிரம்புக் கதிரைகள் இருக்கின்றன, பழைய காலத்துச் சாமான். அவற்றை ஒரு அறைக்குள் அடுக்கிப் பூட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். சார்ஜர் வயர், செருப்பு, நுளம்புத் திரி, மூன்றையும் உயரத்தில் வையுங்கள். அது கடிப்பதற்கென்று வீட்டில் இருக்கிற பழைய துணி முடிச்சையே கொண்டுவா. புதிதாக ஒன்றும் வாங்காதே. படுக்கிற துணியையும் தோய்க்காமல் கொண்டுவா. புது வீட்டில் அதற்குத் தெரிந்தது அந்த மணம் ஒன்றுதான். வந்து இறங்கியதும் வீட்டுக்குள் போகமுதல், மூத்திரம் போகவேண்டிய மூலையில் நிறுத்திவிடுங்கள். போனபிறகு உள்ளே கொண்டுபோகலாம். உள்ளே எங்காவது விட்டுவிட்டால் வினாகிரி கலந்த தண்ணீரால் துடை. அமோனியா சேர்ந்த திரவம் வேண்டாம், அதன் மணம் மூத்திர மணத்துக்குக் கிட்ட என்பதால் திரும்ப அங்கேதான் போகும்.

பயணம் நீண்டது, ஆனால் சொல்ல அதிகம் இல்லை. வெளிக்கிடுவதற்கு மூன்று நான்கு மணித்தியாலம் முதல் சாப்பாட்டை நிறுத்து, தண்ணீர் கொடு. இரவில் ஓடினால் வெக்கை இல்லை. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் எல்லா வாகனமும் நிற்கிற மாதிரி நீங்களும் நிற்பீர்கள். தேங்காய் உடையுங்கள், கச்சான் வாங்குங்கள், மிலோவை மட்டும் நிலத்தில் இறக்காதீர்கள். எத்தனை ஊர் நாய் வந்து போகிற இடம் அது! மூத்திரம் போக வைக்கவேண்டும் என்றால் வேறெங்காவது ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், கொண்டுவந்த பழைய பேப்பரை விரித்து அதன்மேல் விடு. பகலில் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிற வேலை கூடவே கூடாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்று மருமகன் சொல்வார், போதாது. நாய்க்கு வேர்த்து ஆறுகிற உடம்பு இல்லை, நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் ஆறவேண்டும். உள்ளே இருக்கிற காற்றே கொதித்தால் எதை இளைப்பது?

நெடுந்தீவுக்குப் போகவேண்டும் என்றாய். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட, பிறகு குதிரை, கோட்டை என்று அன்றைய பகல் முழுக்கப் போய்விடும். அந்தச் சனத்துக்கும் வெயிலுக்கும் நடுவில் குட்டி வேண்டாம். நான் கொக்குவிலுக்கு வந்து பேப்பர் வாசித்துக்கொண்டு மிலோவோடு இருக்கிறேன். ஆனால் அது நீங்கள் வந்த முதல் நாளாக இருக்கக்கூடாது. முதல் இரண்டு நாளும் பத்து நிமிடம், அரை மணி என்று தனியே விட்டுப் பழக்குங்கள். அதோடு, எங்கள் வளவு மண் என் செருப்பில் வரும். கேற்றுக்கு வெளியே கழற்றிவிட்டு, காலையும் கழுவித்தான் உள்ளே வருவேன். நீங்கள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துபோனாலும் இதேதான். அம்மாவின் ஆட்டுக்கறி எலும்பை மிலோவுக்கென்று கட்டிக்கொண்டு போகவும் கூடாது. அவித்த எலும்பு சிலும்பாய் உடையும், கறியில் வெங்காயமும் இருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப பிள்ளையை எங்கட வீட்டில் படுக்கச் சொல்லுங்கோ, மருமகன் நாயோடு அங்கே இருக்கட்டும்" என்கிறார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீயே பேசிக்கொள்.

அரச கால்நடை வைத்தியர் அலுவலகம் கிழமை நாட்களில் பகலில்தான் திறந்திருக்கும். சனி, ஞாயிறு, போயாவுக்கு இல்லை. அதனால் பின்னேரத்தில் தனியாகப் பார்க்கிற ஒரு வைத்தியரிடம் கதைத்து வைத்திருக்கிறேன், நம்பரை வாட்சப்பில் அனுப்புகிறேன். குட்டி ஒருநேரம் சாப்பிடாமல் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கலாம். சத்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று இருக்காதே. ஒவ்வொரு நாளும் படுக்கமுதல் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி பார்.

ரீச்சருக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. ஊசிக் கார்டைப் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து வீடுகளைப் பிடிக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்கு முதல் முடிவைச் சொல்.

அன்புடன்,
அப்பா