ஆற்றங்கரையில் ஓராண்டு: கோல்ஃப் குழுச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தினரே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்துச் சனிக்கிழமை ஆட்டங்களுக்குத் திட்டமிட்டோம். நடந்தவை ஏழு. மற்ற மூன்றையும் நம் தென்னாப்பிரிக்க டர்பன் மழை எடுத்துக்கொண்டது. ஒரு தடவை பாதி ஆட்டத்தில் திரும்பினோம்; பந்தை அடித்துச் செல்லும் புல்வெளியான ஃபேர்வேயில் கணுக்கால் அளவு தண்ணீர். அன்று புதிய உறுப்பினர் ஒருவர், தேங்கிய மழைநீரில் விழுந்த பந்துக்குத் தானாகவே ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்டார். அது தேவையில்லை. மழையால் தேங்கிய தண்ணீருக்கு அபராதம் கிடையாது. அருகில் உலர்ந்த இடம் பார்த்து, முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட்டு ஆடலாம். அவருடைய அடிக்கணக்குக் கார்டைத் திருத்திக் கொடுத்துவிட்டோம்.

ஆற்று விஷயம் வேறு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஒரு ஹோலை, அதாவது குழியை, குறைந்த அடிகளில் முடித்தால் புள்ளிகள் கிடைக்கும்; இந்த ஆண்டு நாம் இழந்த புள்ளிகளில் பெரும்பகுதி போனது உம்கேனி ஆற்றில்தான்.

நாம் ஆடுவது அதன் தென்கரையில் உள்ள பொது மைதானத்தில். ஐந்தாவது ஹோல் மேற்கு நோக்கிப் போகிறது, ஆறு வலப்பக்கம். ஆறாவது பார் மூன்று, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. குழியும் கொடியும் உள்ள கிரீனுக்குப் பின்னால் கரைச் சரிவு. ஏழாவதில் கிழக்கே திரும்புகிறோம், ஆறு இடப்பக்கம் வந்துவிடுகிறது. கடலிலிருந்து வடகிழக்குக் காற்று வீசும் நாளில் அதுவே நமக்குக் காவல். பந்தை ஆற்றிலிருந்து உள்ளே தள்ளிவிடும். தென்மேற்குக் காற்று எழுந்தால் ஐந்தானாலும் ஏழானாலும் பந்து ஆற்றுப் பக்கம்தான் போகும். டீயில், அதாவது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில், நின்றதும் கொடியைப் பார்ப்பதற்கு முன்னால் மூங்கில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். வலக்கைக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து போகும் பழக்கம் உண்டு. தென்மேற்குக் காற்றும் அதோடு சேர்ந்தால் ஐந்தாவதில் தப்பிக்க வழியே இல்லை.

ஜூலை மாத ஆட்டத்தில் ஏழாவது டீயில் நான் மிகத் தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்தேன். இரண்டு பந்துகள் ஆற்றுக்குப் போயின, புள்ளி பூஜ்யம். என்னுடன் ஆடிய நம் மூத்த உறுப்பினர் ஐயா, எழுபது வயதைத் தாண்டியவர், அதைவிடக் குறைந்த தூரம் போகும் 7 அயர்ன் மட்டையால் மூன்று அடி, அப்புறம் கிரீனில் உருட்டும் அடியான பட் இரண்டு. பாரைவிட ஒரு அடி கூடுதல், அதாவது போகி. திறமைக்கேற்பக் கிடைக்கும் ஹேண்டிகேப் அடிச் சலுகையோடு மூன்று புள்ளிகள் அவருக்கு. அன்றிலிருந்து அந்த மூன்று ஹோல்களிலும் டிரைவரைப் பையைவிட்டு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மற்றவர்களும் முயன்று பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஆற்றின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கம்பைத் தாண்டி ஆற்றில் விழுந்தால் ஒரு அடி அபராதம், சரி. ஆனால் பந்து தண்ணீரில் விழுந்த இடத்துக்கு நேராக நின்று புதுப் பந்தை விடுகிறோம். அப்படிச் செய்யக் கூடாது. பந்து கடைசியாக எல்லைக்கோட்டைக் கடந்த இடத்திலிருந்துதான் இரண்டு மட்டை நீளம் அளக்க வேண்டும், கொடிக்கு அருகில் போகாமல். ஐந்தாவதில் இதனால் பல நேரம் எண்பது கஜம் பின்னால் போக வேண்டியிருக்கும். வருத்தமாக இருந்தாலும் அதுதான் நேர்மையான ஆட்டம்.

குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு போனால் அபராதம் இல்லை. பந்து இருந்த இடத்திலேயே வேறொன்றை வைத்து ஆடலாம். இந்த ஆண்டு நான்கு முறை நடந்தது.

ஆகஸ்டில் குடும்பங்களோடு ஆற்றோரமாக நடந்த காலை, என்னைப் பொறுத்தவரை ஆண்டின் சிறந்த நாள். கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். இந்த ஆற்றின் வடகரையில் உள்ள பீச்வுட் மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, இருந்தவர் அவர். வலக்கை ஆட்டக்காரர்கள் வலக்கையைக் கீழே வைத்து மட்டையைப் பிடிப்போம். அவர் இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். யாரும் கற்றுக்கொடுக்காத அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனையும் வென்றார். பரிசளிப்பின்போது மழை. வெள்ளையர்கள் கட்டடத்துக்குள் இருந்தார்கள். வெற்றி பெற்ற இந்தியரை உள்ளே விடவில்லை, வெளியே மழையில் நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, உலகப் புகழ் பெற்ற தென்னாப்பிரிக்க வீரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதன் பிறகு அவருக்குப் பெரிய போட்டிகளின் கதவு அடைக்கப்பட்டது. 1978-இல் இறந்தார். ரிசர்வாயர் ஹில்ஸில் இதே ஆற்றங்கரையில் இருக்கும் நகராட்சி மைதானம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

1917 அக்டோபர் வெள்ளத்தில் இந்தக் கரையில் குடியிருந்த இந்தியர்களை மீன்பிடிப் படகில் போய் மீட்ட படவட்டான் அறுவரின் கதையையும் சொன்னோம். ஒரே படகு, ஆறு மீனவர்கள், 170-க்கும் மேற்பட்ட உயிர்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமி, "அந்தப் படகு இப்போ எங்கே?" என்று கேட்டாள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இந்த ஆண்டு சிலர், பராமரிப்பு நன்றாக உள்ள தனியார் மைதானத்துக்கு மாறலாம் என்று எழுத்தில் கேட்டிருந்தார்கள். அவர்கள் குறை நியாயமானது: கிகூயூ புல் நேரத்துக்கு வெட்டப்படுவதில்லை, பங்கர் எனும் மணல் குழிகளில் மணல் குறைவு, மழைக்குப் பின் சுத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகிறது. செயற்குழு இரண்டு கூட்டங்களில் பேசி, இங்கேயே தொடர்வது என்று முடிவெடுத்தது. நானும் அதற்கே வாக்களித்தேன். பணம் கொடுத்தால் யாரும் உள்ளே வந்து ஆடலாம் என்ற நிலை இந்த ஊரில் எளிதாக வந்ததல்ல. நாமும் போய்விட்டால் இங்கே ஆட்டம் குறையும், ஆட்டம் குறைந்தால் கேடிகளின் வருமானம் குறையும், அப்புறம் இடத்தையே வேறு எதற்காவது கேட்பார்கள். மாற்றுக் கருத்துள்ளோர் இன்று எழுந்து பேசலாம். தலைவர் நேரம் ஒதுக்கியிருக்கிறார்.

ஒன்பது ஹோல் முடிந்ததும் நின்று சாப்பிடும் இந்நாட்டு வழக்கத்தை நாமும் விடவில்லை. குடைந்த கால் ரொட்டியில் ஆட்டுக்கறிக் குழம்பை நிரப்பிய 'பனி சாவ்' சாப்பிட்ட பிறகு பத்தாவது டீயில் யாருக்கும் நல்ல அடி விழுந்ததாக நினைவில்லை. ஆனாலும் வழக்கத்தை மாற்ற ஒருவரும் சம்மதிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீதித் தொகையில் கேடிகளுக்கு மழைக்கோட்டுகளும், பிள்ளைகள் பழக இரண்டு சிறிய மட்டைத் தொகுப்புகளும் வாங்க ஒப்புதல் கேட்கிறோம். ஐந்து உறுப்பினர்கள் இன்னும் கார்டுகளைப் பதிவு செய்யவில்லை. கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டை வைத்துத்தான் ஹேண்டிகேப் கணக்காகிறது. கார்டு இல்லாமல் ஆண்டிறுதிக் கோப்பையில் சேர்க்க முடியாது.

புதிய ஆண்டின் முதல் ஆட்டம் வரும் இரண்டாம் சனிக்கிழமை, காலை ஆறரைக்கு. இந்தத் தடவை முதல் ஹோலுக்குப் பதிலாக ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறோம், காற்று எழுவதற்குள் ஆற்றோரத்தை முடித்துவிடலாம். பெயர் கொடுப்பவர்கள் சாப்பாட்டுக்குப் போகுமுன் என்னிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்